கச்சான் காற்றுக்கு முகம் காட்டிய விளக்கு

ஒரே ஒரு தெருவிளக்கை அளந்து வரைவதற்காக மன்னாருக்குப் போனேன். சிரிக்காதீர்கள். பழைய கட்டடங்களை நாடாவால் அளந்து படம் போடுவதுதான் முப்பது வருடமாக என் பிழைப்பு. கோயில் மண்டபம், சத்திரம், சுங்கச் சாவடி, ஒருமுறை ஒரு குதிரை லாயம்கூட அளந்திருக்கிறேன். தனியாக நிற்கும் ஒரு விளக்கை அளக்கக் கடல் தாண்டி வா என்று யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதும், கூலி எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் சரி என்றுவிட்டேன்.

எனக்கு இராமநாதபுரம். மன்னார் எங்கள் கடலின் எதிர்க்கரை. அதே மணல், அதே பனை, அதே உப்புக் காற்று. விளக்கு நிற்கும் ஊரின் பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. தீவின் வடக்குக் கரையில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இது காணி விவகாரம். பெயர் வெளியே போனால், வேலை இல்லாத யாராவது ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

மன்னார் நகரத்தில் என்னை முதலில் வரவேற்றவை கழுதைகள். வங்கி வாசலில் இரண்டு, பேருந்து நிலையத்தில் நான்கு. யாரையும் எதிர்பார்க்காமல், எதற்கும் அவசரப்படாமல், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றன. பக்கத்துக் கடையில் பாணும் பருப்பும் மீன் குழம்பும் வைத்தார்கள். எங்கள் ஊரில் காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் வாங்கிக் கொடுக்கும் ரொட்டியை இங்கே திடகாத்திரமான ஆட்கள் குழம்பில் தோய்த்து மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள். நான்கு துண்டு உள்ளே போன பிறகு, காய்ச்சல்காரர்களுக்கு இவ்வளவு நாளும் நாம் செய்தது அநியாயம் என்று எனக்குப் பட்டது.

மரபுச் சின்னங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில், அங்கத்துப் பேச்சில் கந்தோரில், ஓர் இளம்பெண் இருந்தாள். விளக்கைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டார்களாம். முறையான படம் ஒன்று கோப்பில் இருக்க வேண்டுமாம். ஒரு படிவத்தை நீட்டினாள். அதில் 'ஆதி இடம்' என்று ஒரு கட்டம்.

"இதையும் பார்த்து நிரப்பித் தாங்கோ, அக்கா. விளக்கு முந்தி வேற இடத்தில நிண்டதெண்டா, நாங்கள் கழட்டித் திருப்பி அங்கயே வைப்பம்."

ஒரு கட்டம்தானே என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

ஊருக்குப் போன ஆட்டோ பாதி வழியில் மணலில் இறங்கிவிட்டது. சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. நான் இறங்கித் தள்ளினேன். ஒருவழியாகக் கிளம்பினால் நட்டநடுத் தெருவில் ஒரு கழுதை. ஓட்டுநர் ஒலிப்பானை அடிக்கவில்லை. தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் விலகுங்கோ ராசா, இந்தியாவில இருந்து ஆள் வந்திருக்கு" என்றார். ராசா விலகவில்லை. இருபுறமும் வெளிறிய உப்புத் தரை. தூரத்தில் வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு மீன்பிடி வள்ளம் எதன்மேலும் படாமல் நின்றதுபோல் இருந்தது. கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

விளக்கு, தெரு முடிந்து கடற்கரை தொடங்கும் இடத்தில் நின்றது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இரும்புக் கம்பம். உச்சியில் நான்கு பக்கக் கண்ணாடிக் கூண்டு, அதன்மேல் குட்டிக் கூரை. எண்ணெய் விளக்கு. மின்சாரம் அதைத் தொட்டதே இல்லை. எந்தக் காலத்தில் யார் நட்டார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது; கம்பத்தில் இருந்த எழுத்துகளைத் துரு தின்றுவிட்டது. பக்கத்தில் மூன்று மொழியில் ஒரு பலகை: இது மரபுச் சின்னம், யாரும் தொடக் கூடாது. ஒரு கழுதை பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பத்தில் விலாவை ஆனந்தமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது.

தங்க இடம் கொடுத்தவர் றகுமத்தும்மா. விளக்கிலிருந்து தொடங்கும் வளவு, அதாவது வீட்டு மனை, அவருடையது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்து நான்கு வருடம். ஒரே மகள் நஸ்லியா. வீட்டுக்குள் நுழைந்ததும் இடியப்பமும் மீன் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிடுவதை எதிரே கதிரையில் உட்கார்ந்து பார்த்தார்.

"இன்னும் ரெண்டு இடியப்பம் வைக்கட்டா?"

"போதும்மா."

"போதுமெண்டு சொல்லுறவைக்குத்தான் வைக்கோணும்." வைத்துவிட்டார்.

வளவின் கிழக்குப் பக்கத்தில் புது வீடு ஒன்று எழும்பியிருந்தது. சுவரில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. நஸ்லியாவுக்கு மூன்று வாரத்தில் நிக்காஹ். பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டி வைப்பது இங்கே வழக்கம். எங்கள் கீழக்கரையிலும் அப்படித்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார் என்றேன். கடலுக்கு அந்தப் பக்கமும் இதே பாடுதான் என்று தெரிந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி. வெள்ளிக்கிழமை மகள் பேருக்கு உறுதி எழுதப் போகிறார்களாம். உறுதி என்றால் நம் ஊர்ப் பத்திரம்.

"அவர் இருந்தா அவர் எழுதியிருப்பார். இப்ப நான்தானே எழுதோணும். சரியா எழுதிப் போட்டனெண்டா நிம்மதியாக் கண்ணை மூடுவன்" என்றார்.

மறுநாள் ஏணியைச் சாத்தி ஏறினேன். கச்சான் காற்று வீசும் காலம். தென்மேற்கிலிருந்து வந்து, மணலை வாரி முகத்தில் அடிக்கும். எங்கள் கரையிலும் அதற்கு அதே பெயர்தான். நாடாவின் நுனியைப் பிடித்துக்கொள்ள நஸ்லியா வந்தாள். கீழே நின்றபடி அவள் கதை சொன்னாள். சண்டைக் காலத்தில் ஊரின் முஸ்லிம் குடும்பங்கள் எல்லாம் இடம்பெயர்ந்து புத்தளம் போனது, அவள் பிறந்ததே அங்கே ஒரு முகாமில், கைக்குழந்தையாக அவளைத் தூக்கிக்கொண்டு உம்மாவும் வாப்பாவும் திரும்பி வந்தது.

"வந்து பாத்தா வீடில்லையாம், வேலியில்லையாம், கிணறும் தூந்து போய்க் கிடந்ததாம். ஒரே உடைமரக் காடு. இந்த விளக்கு மட்டும்தான் நிண்டதாம். வாப்பாட உறுதியில விளக்குக் கம்பத்தில இருந்து கிழக்கால இத்தனை அடி எண்டுதான் இருந்தது. அதை வச்சுத்தான் அளந்து எடுத்தவை."

நான் மேலே கூண்டின் கதவைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தேன். எண்ணெய் ஊற்றித் திரி மாற்ற ஒரு பக்கத்தில் சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்ததும் காற்று உள்ளே புகுந்து, பல வருடத் தூசியை என் கண்ணில் கொட்டியது. கண்ணைக் கசக்கிக்கொண்டே யோசித்தேன். கடற்கரை விளக்கின் கதவை, வருடத்தில் பாதி நாள் அடிக்கும் காற்றுக்கு நேரே எந்த மடையன் வைப்பான்? தீக்குச்சி கிழித்ததும் அணைந்துவிடுமே. கீழே இறங்கி அடியைத் தோண்டினேன். பழைய கம்பங்களின் காலைப் பவளக் கல்லும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டியிருப்பார்கள். இங்கே சிமெண்டு. அதுவும் வாளியில் குழைத்து அவசரமாகக் கொட்டிய சிமெண்டு.

நஸ்லியா தேநீர் எடுக்க உள்ளே போயிருந்தாள். கிழக்குப் பக்கத்து வளவுக்காரர் சூசை ஐயா, காலையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது அருகே வந்து நின்றார். எழுபது வயது மீனவர். தலையில் துவாய்த் துண்டு. முந்தின நாள் வலையைத் தெருவில் காயப் போட்டிருந்தார். மனிதர் நடக்கிற இடத்திலா காயப் போடுவது என்று நான் சிடுசிடுத்திருந்தேன்.

"அளந்து முடிஞ்சுதோ, தங்கச்சி?"

என் வாய் சும்மா இருக்காது. "அளந்தது இருக்கட்டும் ஐயா. இதை நட்டவன் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்றே தெரியாதவன்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "அம்பது வருசம் கடலுக்குப் போனவனைப் பாத்துக் காத்துத் தெரியாதெண்டு சொல்லாதேங்கோ. தெரியாதவன் இல்லை. அவசரத்தில நட்டவன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பிறகு அவர் கரையில் கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தின்மேல் போய் உட்கார்ந்தார். நானும் போய் உட்கார்ந்தேன்.

தெரு காலியாகக் கிடந்த வருடங்களில் இரும்பு திருடுகிறவர்கள் வந்தார்களாம். கதவு, சன்னல், கூரைத் தகரம் எல்லாம் போனது. விளக்கு அப்போது பழைய பண்டகசாலைச் சுவருக்குப் பின்னால், இவர் வீட்டுக்குத் தெரியாத இடத்தில் நின்றது. ஒரு நாள் விடிகாலையில் போய்ப் பார்த்தால் கம்பத்தின் காலில் ரம்பம் வைத்து அறுத்த தடம்.

"அவங்கள் திரும்பி வந்தா அடையாளத்துக்கு இது ஒண்டாவது இருக்கட்டும் எண்டு நினைச்சன். நானும் மச்சானுமாப் பிடுங்கிக்கொண்டு வந்து, என்ர சன்னலுக்கு நேரே தெரியிற மாதிரி இஞ்ச நட்டுப்போட்டம். ஆர் கண்டது, அவங்கள் இதிலயிருந்துதான் காணி அளப்பாங்கள் எண்டு?"

"அளந்தபோது சொல்லியிருக்கலாமே ஐயா!"

"எப்பிடிச் சொல்ல? வந்த உடன புருசனும் பெஞ்சாதியுமாக் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சு அழுதவை. இது நிக்குது, இனிப் பயமில்லை எண்டு கையில பிள்ளையோட நிண்டு அவ சிரிச்சவ. அந்த முகத்தைப் பாத்து, இது பிழையான இடம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரயில்லை, தங்கச்சி."

பண்டகசாலைச் சுவருக்குப் பின்னால் போய் மணலை விலக்கினேன். பவளக் கல் மேடை, நடுவே கம்பத்தின் அளவுக்குச் சரியாக ஒரு குழி. அங்கிருந்து இப்போதைய கம்பத்துக்கு நாடாவை இழுத்தேன். பதினொரு அடி. விளக்கு பதினொரு அடி கிழக்கே வந்ததால் றகுமத்தும்மாவின் வளவும் பதினொரு அடி கிழக்கே வந்திருக்கிறது. மேற்கே விட்டுப்போன நிலத்தில் தெரு ஓடுகிறது. கிழக்கே எடுத்துக்கொண்ட நிலம் சூசை ஐயாவுடையது. அவருடைய வேலியும் சண்டைக் காலத்தில் அழிந்திருந்ததால் கேட்பாரில்லை. முன்பு அவர் வலை காயப் போட்ட இடம் அது. இப்போது அங்கே நஸ்லியாவின் புது வீட்டுச் சமையலறையான குசினியும் கிணறும் இருக்கின்றன. தெருவில் வலை காயப் போட்டதற்கு அந்த மனிதரை நான் திட்டியிருக்கிறேன்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

"உறுதி எழுதி, கலியாணம் முடியட்டும். அதுவரைக்கும் வாய் திறக்காதேங்கோ" என்று சூசை ஐயா கேட்டுக்கொண்டார். சரி என்று தலையாட்டி, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் திருக்கேதீஸ்வரம் போனேன். கும்பிடப் போனேனா, றகுமத்தும்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடிப் போனேனா என்று சிவனுக்கே தெரியும். பாலாவித் தீர்த்தக் கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் அசையவில்லை. மர நிழலில் ஒரு மயில் நின்றது, அதுவும் அசையவில்லை. உலகத்தில் யாருக்கும் எந்த நிலத்துக்கும் எல்லை தேவையில்லை என்பதுபோல் ஒரு மதியம். கொஞ்ச நேரம் நானும் அதை நம்பினேன்.

திரும்பும்போது பேருந்து நடுவழியில் படுத்துவிட்டது. நடத்துநர் இறங்கி, எஞ்சினைப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் வந்து உட்கார்ந்தார். யாரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் ஆளுக்கொரு யோசனை சொல்லி, கடைசியில் சண்டை மூண்டிருக்கும். முன் இருக்கையில் ஓர் இளம் சிப்பாய் கைபேசியில் சிங்களத்தில் கெஞ்சுவதுபோல் பேசிக்கொண்டிருந்தான். என்ன சொல்கிறான் என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் கேட்டேன். "தாய்க்காரியோட கதைக்கிறான். சாப்பிட்டன் எண்டு சொல்லுறான், அவ நம்பமாட்டன் எண்டுறா போல" என்றார். சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து பனங்காய்ப் பணியாரம் இரண்டை எடுத்து அவனுக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் கொடுத்தார். உப்புத் தரையில் வெயில் மஞ்சளாகும்வரை அங்கேயே இருந்தோம். பணியாரத்தின் இனிப்பு வெகுநேரம் வாயில் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது என் படம் மேசைமேல் விரித்தபடி கிடந்தது. அவசரத்தில் மூடாமல் போயிருக்கிறேன். றகுமத்தும்மா அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். விளக்குக்கு ஒரு புள்ளி, பழைய மேடைக்கு ஒரு புள்ளி, நடுவில் ஒரு கோடு, கோட்டின்மேல் பதினொன்று. அவர் படம் படித்தவர் இல்லை. ஆனால் தன் வளவு தெரியாதவரும் இல்லை.

"அக்கா, நீங்க எங்கட வீட்டில சாப்பிட்டனீங்க. மறைக்காதீங்கோ. விளக்கு இடம் மாறினதா?"

எனக்குச் சண்டை போடத் தெரியும், பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டேன். யார் நட்டார், ஏன் நட்டார், எவ்வளவு என்று எல்லாம் சொன்னேன். அவர் குசினிக்குப் போய், அடுப்பில் இருந்த மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு, அடுப்பை அணைத்தார்.

படிவத்தில் நான் என்ன எழுதினேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஆதி இடம்: பதினொரு அடி மேற்கே. திருட்டிலிருந்து காப்பாற்ற ஊர்க்காரர்களே இடம் மாற்றினார்கள். இப்போது நிற்கும் இடத்தை வைத்துத்தான் ஊர் மீண்டும் அளக்கப்பட்டது. ஆகவே இந்த இடமும் இந்த விளக்கின் வரலாறு, இங்கிருந்து பெயர்க்கக் கூடாது. கந்தோர்ப் பெண் பிறகு அதை இரண்டு முறை படித்துவிட்டு, "ஓம், நிக்கிற இடத்தில நிக்கட்டும்" என்றாள். றகுமத்தும்மா படத்தைப் பார்த்த அன்று இரவே, இப்படி எழுதப் போவதை அவரிடம் சொல்லி, பயப்படாதீர்கள், விளக்கை யாரும் அசைக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

அவர் என்னைப் பாவம்போல் பார்த்தார். "விளக்கு நிண்டா என்ன அக்கா, போனா என்ன? பிறத்தியார்ட மண்ணை என்ர பிள்ளைக்கு எழுதிக் குடுத்துப்போட்டு, நான் அல்லாஹ்வுக்கு முன்னால போய் நிக்கிறதோ? அந்தக் கிணத்துத் தண்ணியில அவள் எப்பிடிச் சோறாக்குவாள்?"

மறுநாள் வியாழக்கிழமை. பிற்பகல் அஸர் தொழுகையை முடித்துவிட்டு, வெள்ளைத் துணியால் முக்காடு போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் நஸ்லியா. அவள் கண் வீங்கியிருந்தது. என்னையும் வரச் சொன்னார். புதுக் குசினிக்குப் பின்னால் இருந்த வேலியடியில் போய் நின்று, "சூசையண்ணன்" என்று கூப்பிட்டார்.

சூசை ஐயா வந்தார். முதலில் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உள்ள வாங்கோ, தங்கச்சி. ஏன் வெளியில நிக்கிறீங்கள்?" என்றார் றகுமத்தும்மாவிடம்.

"இல்ல. இஞ்ச நிண்டே கதைக்கிறன். இந்தப் பதினொரு அடி உங்கட. தெரியாம இவ்வளவு காலமும் வச்சிருந்திட்டம். நாளைக்கு உறுதி எழுத முந்தி நீங்க இதை எங்களுக்கு ஹலாலாக்கித் தரோணும். ஏலாதெண்டா சொல்லுங்கோ, குசினியை இடிச்சு மண்ணைத் தாறன். கலியாணம் பிந்தினாப் பிந்தட்டும்."

தெரியாமல் எடுத்ததையும் உரியவர் மனம் ஒப்பிக் கொடுத்தாலொழிய அனுபவிக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த 'ஹலாலாக்கித் தாங்கோ' என்று நஸ்லியா எனக்கு முன்னமே சொல்லியிருந்தாள். காற்று மணலை அள்ளிக்கொண்டு எங்களுக்கு நடுவே போனது.

சூசை ஐயா நஸ்லியாவைப் பார்த்தார். "என்னெண்டு சொல்லோணும், பிள்ளை?"

"ஹலால் எண்டு சொன்னாப் போதும், மாமா."

அவர் தலைத் துவாயை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கோயிலுக்குள் நிற்பவர்போல் நிமிர்ந்து நின்று, "ஹலால்" என்றார்.

றகுமத்தும்மா நகரவில்லை. "மனசாரச் சொல்லுறீங்களா அண்ணன்? பக்கத்து வீட்டாள் வந்து கேட்டிட்டாளே எண்டு வெக்கத்துக்குச் சொன்னா அது ஹலாலாகாது. பொம்பிளப் பிள்ளையில இரக்கப்பட்டுச் சொல்லாதீங்கோ. இது உங்கட வலைக் காணி."

"இண்டைக்குச் சொன்னாத்தானே வெக்கத்துக்குச் சொல்லுறதாகும்?" என்றார் சூசை ஐயா. "நீங்கள் வந்து அளந்த அண்டைக்கு, உங்கட மனுசன் விளக்கடியில கயித்தின்ர ஒரு தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். உங்கட கையில பிள்ளை. மற்றத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நடந்து வந்து, என்ர வலைக் கம்புகளையும் தாண்டி, இதில முளை அடிச்சது ஆர்? யோசிச்சுப் பாருங்கோ, தங்கச்சி."

றகுமத்தும்மா யோசித்தார். அவர் முகம் மெல்ல மாறுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கதான்" என்றார்.